மயில்கண் வேட்டிக்குத் தோல் கோட்டு

மார்கழி 6, ஞாயிறு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழி முடிந்து தை பிறந்தபோது அந்தக் கோட்டு வந்தது. அதே தையில்தான் காலேஜுப் பையன்கள் இந்தி வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள். பஸ் நின்றது, ரயில் நின்றது, எங்கள் மரணக்கிணற்றுப் பலகைகளை ஏற்றிய லாரி பவானிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த எங்களைத் தேடிக்கொண்டு முதலாளி காசிம் பாய் குன்னூரிலிருந்து வந்தார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த தோல் கோட்டு அவர் தோளில் கிடந்தது. "இனிமே கடைசி ஆட்டம் ஓட்டுறவனுக்கு இதுதாண்டா மாலை" என்றார்.

எண்ணில் வருஷம் கேட்டால் எனக்குத் தெரியாது. அறுபத்தைந்து என்று பேத்தி தாரணி செல்போனைப் பார்த்துச் சொல்கிறாள். அதற்குச் செல்போன் எதற்கு? தனுஷ்கோடி போன மறுமாதம் என்றால் போதாதா?

எனக்கு எழுத்துத் தெரியாது. என் வீட்டுக்காரி பொன்னாத்தாள் ஐந்தாவது வரை படித்தவள். சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் நான் சொல்லச் சொல்ல, உரக்கடைக்காரர் கொடுத்த டைரியில் எழுதுவாள். அவள் போன பிறகு மருமகள் சாந்தாமணி எழுதுகிறாள். நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக்கி விடுகிறாள். படித்துக் காட்டும்போது யாரோ தாசில்தார் பேசுவதுபோல் இருக்கிறது. இருக்கட்டும். மற்றவர்கள் பேசுவதை மட்டும் பேசினபடியே எழுது அம்மிணி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்றைய சங்கதி. தை பதினைந்தில் தாரணிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மத்தியானம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாரு, வரவேற்புக்கு நீங்க அந்தக் கோட்டைப் போட்டுட்டு மேடைக்கு வரோணும். நீங்க வந்தப்புறந்தான் மொத போட்டோ. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒரு செல்ஃபி கேட்டாருங்க."

பொட்டியைத் திற என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி 8, செவ்வாய்

கோட்டை எடுத்தாயிற்று. பொன்னாத்தாள் இருந்தவரைக்கும் வருஷம் ஒருமுறை சித்திரையில் எடுத்து, விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்து, வேப்பிலை போட்டு மடித்து வைப்பாள். அவளுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. முதுகில் வெள்ளையாகப் பூசணம். கழுத்துப் பட்டையில் பூச்சி அரித்த இடம் ஒன்று. மற்றபடி கோட்டு கோட்டுதான். ஈரமான செம்மண் நிறம். இடுப்போடு நிற்கும். முன்னால் பித்தளை ஜிப்பு, இடுப்பில் இரண்டு பக்கிள். இடது முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உராய்ந்து வெளுத்திருக்கும். அது தேய்மானம் இல்லை. பிறகு சொல்கிறேன்.

தாரணி செல்போனில் படம் படமாகக் காட்டினாள். பெரிய விசேஷங்களுக்குத் தோல் கோட்டு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லித்தருகிறார்களாம். வெள்ளைச் சட்டை, ஒல்லி டை, கறுப்புப் பேண்ட்டு, மின்னுகிற பூட்சு. ஒருத்தனாவது கோட்டுக்குள் நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாரும் குளிருக்குப் போர்த்திக்கொண்டவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

மகன் தேவராசு மில்லிலிருந்து வந்தான். கோட்டைப் பார்த்தான். மோப்பம் பிடித்தான்.

"அப்பா, சம்பந்தி வீட்டுல அத்தனை பேரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைங்க. நடுவுல நீங்க இதைப் போட்டுட்டு நின்னா வேடிக்கையாப் போயிருமுங்க."

"வேடிக்கை காட்டித்தான்டா உன்னைப் படிக்க வெச்சேன்."

அவன் சாப்பிடப் போய்விட்டான். சம்பந்தி வீட்டில் என்னைப் பற்றி 'மோட்டார் தொழில்ல இருந்தாரு' என்று சொல்லி வைத்திருக்கிறான் என்று சாந்தாமணி சொன்னாள். பொய் இல்லை. மோட்டார்தான்.

மார்கழி 9, புதன்

பனி. கோட்டை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று சொல்லியும் வெயிலில் போட்டிருந்தார்கள். கத்தினேன். பூசணம் போய்விட்டது. மொச்சைக் குழம்பு.

மார்கழி 12, சனி

வீட்டில் ஒரே ரகளை.

அன்றைக்கு அப்படிப் பேசினோமே என்று தேவராசுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரியாமல் கோட்டை ஈரோட்டில் ஒரு பெரிய சலவைக் கடையில் கொடுத்து இன்று வாங்கி வந்தான். பையைப் பிரித்தான். உள்ளே இருந்தது என் கோட்டே இல்லை. புதுக் காரின் சீட்டு மாதிரி மினுமினு என்று இருந்தது. முழங்கையில் உராய்ந்த இடத்தை மறைத்து, வாழைக்காய்த் துண்டு மாதிரி ஒரு புதுத் தோலை வைத்துத் தைத்திருந்தார்கள்.

"ஏனுங்கப்பா, நல்லாத்தானே இருக்குது?" என்றான் தேவராசு. அவன் முகத்தைப் பார்த்தேன். எட்டாவதில் பாஸ் பண்ணிவிட்டு மார்க்கு அட்டையை நீட்டினபோது வைத்திருந்த அதே முகம். திட்ட வாய் வரவில்லை.

"இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாந்தாமணி மட்டும் பின்னாலேயே வந்தாள். "ஒட்டுத் தோலை எடுக்கோணுமுங்களா மாமா?"

"எடுக்கோணும்."

மார்கழி 14, திங்கள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் ராசாங்கத்திடம் போனோம். நானும் சாந்தாமணியும். ஒட்டைப் பிரி என்றேன்.

"பிரிச்சாக் கீழே உரசல் தெரியுமுங்க. தையல் ஓட்டை வேற தெரியும். ஊட்டுல விசேஷம்ங்கறீங்க, யாராச்சும் கிழிசக் கோட்டுன்னு சொல்லிப் போடுவாங்க."

"சொன்னா என்கிட்ட அனுப்பி வை."

பிரித்தான். அந்த வெளுத்த தடம் வெளியே வந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

வரும் வழியில் சாந்தாமணி கேட்டாள். சொன்னேன். இப்போது திரும்பச் சொல்கிறேன், அவள் எழுதட்டும்.

எங்கள் கிணற்றில் வண்டி ஓட்டினவர்கள் மூன்று பேர். அந்தோணி, ரெஜினா, நான். பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி வட்டமாகக் கட்டிய கிணறு. சுவரிலேயே வண்டியை ஏற்றிச் சுற்ற வேண்டும். மேலே விளிம்பில் ஜனம் தலையை நீட்டிப் பார்க்கும். கடைசி ஆட்டத்துக்குக் கோட்டு. ஓட்டுகிறவன் அந்தக் கோட்டைத் தானே மாட்டிக்கொள்ளக் கூடாது. கூட ஓட்டுகிற இன்னொருவர்தான் பின்னால் நின்று பிடித்து மாட்டிவிட வேண்டும். வலது கை, பிறகு இடது கை. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, பக்கிளை இறுக்கி, குனிந்து செயினையும் ஆக்சிலேட்டர் ஒயரையும் பார்த்து, முதுகில் ஒரு தட்டு. தட்டினவர் அந்த ஆட்டத்துக்குப் பொறுப்பு. காசிம் பாய் வைத்த சட்டம். ஓட்டுகிறவனுக்கு அந்த நேரத்தில் தன் வண்டியைப் பார்க்கிற கண் இருக்காது, ஜனத்தைப் பார்க்கிற கண்தான் இருக்கும் என்பார்.

தாராபுரத்தில் ஒரு நாள் அந்தோணிக்கும் ரெஜினாவுக்கும் காலையில் சண்டை. ராத்திரி ஆட்டத்துக்கு அவனுக்கு மாட்டிவிட அவள் கோட்டை எடுத்தாள். அவன் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தான். ஒயர் கிளிப்பு கழன்றிருந்ததை யாரும் பார்க்கவில்லை. விளிம்புக்கு மூன்று பலகை கீழே வண்டி திணறியது. இடது முழங்கை சுவரில் உராய உராயக் கீழே வந்தான். அந்தத் தடம்தான் அது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

"எதுக்குச் சண்டைங்க மாமா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

பஸ் வந்துவிட்டது.

மார்கழி 17, வியாழன்

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு. கேக்கு வாங்கி வந்தார்கள். பல்லில் ஒட்டியது.

கோட்டுக்குக் கீழே என்ன உடுப்பது என்று இன்று முடிவாகிவிட்டது. டெய்லர் வந்தார். பேண்ட்டுத் துணி இரண்டு விரித்தார். தாரணி கறுப்பு என்றாள். டெய்லர் சாம்பல் என்றார். நான் வேட்டி என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டேன். "எங்க ஊரு மணியக்காரரு தார்பாச்சி வேட்டி கட்டி, மேல கறுப்புக் கோட்டுப் போட்டுட்டு வருவாரு. பெரிய வாத்தியாரும் அப்படித்தான். அப்ப யாராச்சும் சிரிச்சாங்களா? எந்திரிச்சு நின்னாங்க."

டெய்லர் யோசித்தார். "அந்தக் கோட்டு முழங்கால் வரைக்கும் வருமுங்க. இது இடுப்போட நிக்குது. வேட்டி முடிச்சு கீழ துருத்தும்."

அது நியாயமான பேச்சு. அரைமணி நேரம் எல்லாரும் என் இடுப்பையே பார்த்தார்கள். சாந்தாமணிதான் வழி சொன்னாள். வேட்டியை முடிச்சுப் போடாமல் தட்டையாக மடித்து பெல்ட்டு இறுக்கினால் துருத்தாது. மயில்கண் கரை போட்ட எட்டு முழம். பளபளப்புச் சரிகை வேண்டாம். கோட்டு ஏற்கனவே கனம், சரிகையும் சேர்ந்தால் கூத்துக்காரன் மாதிரி ஆகிவிடும். சட்டை கஞ்சி போட்ட வெள்ளை, கழுத்துப் பட்டன் போட்டது. டை கிடையாது. துண்டு கிடையாது. காலுக்குப் பூட்சு வேண்டாம், கோட்டு நிறத்திலேயே தோல் செருப்பு, ராசாங்கம் தைப்பான்.

"போட்டுக் காட்டுங்க அப்பாரு" என்றாள் தாரணி கோட்டை நீட்டி.

"உங்கப்பனுக்குப் போடு, பார்க்கறேன்."

தேவராசு வேண்டாம் வேண்டாம் என்றபடியே கையை விட்டான். அளவு கச்சிதம். கண்ணாடி முன்னால் போய் நின்றான். தோளைப் பின்னால் தள்ளினான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இரண்டு கையையும் ஹேண்டில்பார் பிடிப்பதுபோல் வைத்தான்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவன் வெட்கப்படக் கூடாது.

மார்கழி 23, புதன்

சண்டை.

"கோட்டுக்கு எண்ணெய் போடறீங்க, பக்கிளுக்குப் புளி போட்டுத் தேய்க்கறீங்க, வேட்டிக்கு இடுப்பு அளவு எடுக்கறீங்க. ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னா மட்டும் ஏன் பேச்சை மாத்தறீங்க?" என்று தேவராசு கேட்டான்.

சொன்னேன். தானே போடக் கூடாது, கூட ஓட்டினவர் மாட்டிவிட வேண்டும்.

"சரிங்க, நான் மாட்டிவிடறேன்."

"நீ ஓட்டுனியா?"

அவன் என் தோளைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "கை தூக்க வரலைன்னா சொல்லிப் போடுங்கப்பா. அதுக்கு இப்படி ஒரு கதை எதுக்குங்க? கோட்டுக் கையை வெட்டித் தெச்சு, பட்டன் வெச்சுக்கலாம். பார்த்தாத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது.

போன ஆடியில் ஒரு நாள் இடது கை கொஞ்சம் அசந்துபோனது. டாக்டர் ஏதோ பேர் சொன்னார். இப்போது ஒன்றும் இல்லை. சட்டை போடும்போது சாந்தாமணி பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பொன்னாத்தாள் இத்தனை வருஷம் எண்ணெய் போட்டாள். ஒரு தடவைகூட மாட்டிவிடட்டுமா என்று கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

மார்கழி 25, வெள்ளி

பத்திரிகைக்குப் பேர் எழுதினார்கள். எல்லாப் பேரும் முடிந்த பிறகு, இன்னொன்று எழுது என்றேன். திருமதி ரெஜினா, ரயில்வே காலனி, போத்தனூர்.

சாந்தாமணியின் பேனா நின்றது. "அந்த ரெஜினாங்களா?"

"அந்த ரெஜினாதான்."

"வீட்டு நெம்பருங்க மாமா?"

"காலனி மாதா கோவிலுக்குப் பின்னால. வெள்ளை கேட்டு, கொய்யாமரம்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கோயமுத்தூர் போகும்போதெல்லாம் சில சமயம் அந்த வழியாகவும் பஸ் போகும். பஸ் போகிற வழிக்கு நான் என்ன செய்ய முடியும்?

தாரணி மாதா கோவிலுக்குப் போன் போட்டு, ஃபாதரைப் பிடித்து, நெம்பர் வாங்கிவிட்டாள்.

மார்கழி 28, திங்கள்

தாரணி நெம்பரை அடித்து என் காதில் வைத்தாள். நாலைந்து மணி அடித்தது.

"யாரு?"

குரல் சுருங்கியிருந்தது. ஆனால் அதேதான். கிணற்றுக்குள் வண்டி உறுமும்போதும் மேலே கேட்கிற குரல்.

"நாச்சிமுத்து" என்றேன்.

"எந்த நாச்சிமுத்து? எனக்கு முத்துன்னு ஒருத்தனைத்தான் தெரியும். அவனும் இந்நேரம் போயிருப்பான்."

"போகலை."

"டேய்! உசுரோடவா இருக்கே! சாப்பிடறியா, தூங்கறியா, பல்லு இருக்கா?"

"கீழ்ப்பல்லு இருக்குது."

சிரித்தாள். தாரணி செல்போனில் எதையோ அமுக்கிவிட்டாள், வீடு முழுக்கச் சிரிப்புக் கேட்டது. கல்யாணச் செய்தி சொன்னேன். கோட்டைச் சொன்னேன்.

"போட்டுக்கோடா. நல்லா இருக்கும். உனக்குத் தோளு அகலம்." நிறுத்தினாள். "ஆமா, எவன் மாட்டிவிடறான்?"

"யாருமில்லை."

"இத்தனை வருஷமா என்ன பண்ணினே?"

"போடலை."

"நான் கெணத்தை விட்டுப் போன நாளிலேருந்தா?"

"ஆமா."

 கொய்யாமரத்துக் குருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு சொன்னாள். "முத்து, எனக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு நாலுகால் கம்பியைப் பிடிச்சுட்டு நடக்கறேன். நல்லது கெட்டதுக்கு எங்கியும் போறதில்லை. போனா அத்தனை பேரும் யாரு இதுன்னு பார்ப்பாங்க. நீ என்னன்னு சொல்லுவே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மகன், மருமகள், பேத்தி எல்லாரும் பக்கத்தில் நின்றார்கள்.

"பார்த்தியா" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்கழி 29, செவ்வாய்

அவள் நேற்றுக் கேட்டதற்கு இன்று எனக்குப் பதில் கிடைத்தது. திரும்பப் போன் போடச் சொன்னேன். எடுக்கவில்லை.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீட்டில் என்ன மாட்டுப் பொங்கல் என்று தேவராசு கேட்டான். வண்டி இருக்கிறதே என்றேன். அவன் பைக்குக்கு மாலை போட்டோம். போனை எடுக்கவில்லை.

தை 8, வியாழன்

சம்பந்தி தம்பதி வந்தார்கள். தட்டு வரிசைப் பேச்சு. ராசாங்கம் தைத்த செருப்பு வந்திருந்தது, கோட்டின் பக்கத்தில் வைத்திருந்தேன். சம்பந்தியம்மாள் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது யாருதுங்க, பெரியவருதுங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேவராசு பேசினான்.

"எங்கப்பா மரணக்கிணறு ஓட்டினவருங்க. கைய ரெண்டையும் விட்டுட்டு ஓட்டுவாராமா. அந்தக் கோட்டுங்க இது. வரவேற்பன்னைக்கு இதைத்தான் போடறாருங்க."

சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து வந்து கோட்டின் முழங்கையை ஒரு விரலால் தொட்டார்.

"பயமே இல்லீங்களா?"

"நிறுத்தினாத்தானுங்க பயம்" என்றேன்.

அவர்கள் போன பிறகு தேவராசு என் பக்கம் வரவே இல்லை. கொல்லையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் தேடுகிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை.

கையை விட்டுவிட்டு ஓட்டினதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. பொன்னாத்தாள் சொல்லியிருப்பாள்.

தை 13, செவ்வாய்

பக்கிளுக்குப் புளி. கோட்டுக்கு விளக்கெண்ணெய், கொஞ்சமாக, பருத்தித் துணியில். சலவைக் கடை மினுக்கு அடங்கிவிட்டது. வேட்டிக்குக் கஞ்சி. சட்டைக்குக் கஞ்சி.

போத்தனூரிலிருந்து போன் இல்லை.

போடாமலேயே தோளில் போட்டுக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். காசிம் பாய் அப்படித்தான் கொண்டுவந்தார். ஆனால் தோளில் கிடந்தால் அது சாமான். உடம்பில் ஏறினால்தான் கோட்டு. தாரணி கேட்டது கோட்டு.

தை 16, வெள்ளி

முந்தாநாள் வரவேற்பு, நேற்று முகூர்த்தம். பொண்ணு புறப்பட்டுவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாந்தாமணியின் கண் வீங்கியிருக்கிறது. எழுதினால் சரியாகும் வா என்று நான்தான் கூப்பிட்டேன். முந்தாநாளைச் சொல்கிறேன்.

மண்டபத்தில் மணமகள் அறைக்குப் பக்கத்து அறை எனக்கு. வேட்டி கட்டியாயிற்று, தட்டை மடிப்பு, பெல்ட்டு. சட்டையைச் சாந்தாமணி போட்டுவிட்டாள். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. மேளம் கேட்டது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளை ஏறி நின்றாயிற்று. பாட்டுக் கச்சேரிக்கு வந்தவன் மைக்கில், "பொண்ணோட தாத்தா வந்ததும் முதல் போட்டோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான்.

தேவராசு வந்தான். "அப்பா, ஜனம் காத்திருக்குதுங்க."

"தெரியுது."

"நான் மாட்டிவிடட்டுங்களா? சும்மா, உதவிக்கு."

வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவனும் வற்புறுத்தவில்லை. என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன், பட்டு வேட்டியோடு, தரையில்.

மூன்றாவது தடவையும் மைக்கில் சொன்னான். தேவராசு கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கே அப்போது, போதும், போட்டுக்கொள்வோம், யார் கேட்கப்போகிறார்கள் என்று வந்துவிட்டது. நிஜமாகச் சொல்கிறேன், கையை நீட்டிவிட்டேன். வலது கையை.

நடையில் டக், டக் என்று இரும்புச் சத்தம் கேட்டது.

நாலுகால் கம்பி முதலில் வந்தது. பின்னால் ஆள். மாந்தளிர் நிறத்தில் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, தலை முழுக்கப் பஞ்சு. பக்கத்தில் அக்கா பேரன் என்று ஒருத்தன், கார் ஓட்டி வந்தவன்.

"இன்னும் போடலையா?" என்றாள் ரெஜினா. "வெக்கங்கெட்டவனே! பேத்தி மேடையில நிக்கறா, நீ மாப்பிள்ளை மாதிரி ரூமுக்குள்ள உக்காந்துட்டிருக்கே!"

"நீ வரமாட்டேன்னே."

"எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியலை. எந்திரி."

கைத்தடியை ஊன்றி எழுந்தேன். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எழுந்து நின்ற தேவராசின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோட்டை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். முழங்கையைத் திருப்பி அந்தத் தடத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள், கொஞ்ச நேரம். பிறகு என் பின்னால் வந்தாள்.

எப்போதும் வலது கைதான் முதலில். அன்றைக்கு இடது கையை முதலில் பிடித்தாள். என் கையைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கீழேயே தாழ்த்திப் பிடித்து, நான் தூக்காமலேயே கை உள்ளே போகிற மாதிரி கோட்டை மேலே ஏற்றினாள்.  பிறகு வலது கை. பக்கிள் இரண்டு. ஜிப்பை நான் பழக்கத்தில் கழுத்துவரை இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கெணத்துக்குள்ளயா போறே? கல்யாணத்துக்குப் போறே." ஜிப்பைப் பாதிக்கு இறக்கி, சட்டைக் காலரை எடுத்து விட்டு, வெள்ளை தெரிகிற மாதிரி செய்தாள். "இப்பப் பாரு. துரை."

அத்தோடு விடவில்லை. செயின் இல்லை, ஒயர் இல்லை. குனியவும் முடியவில்லை. சுவரில் சாய்த்திருந்த கம்பியை எடுத்து, அதன் கால் நுனியால் என் செருப்பு வாரை ஒரு தட்டு, என் கைத்தடியின் ரப்பரை ஒரு தட்டு.

"சரியா இருக்குது" என்றாள். முதுகில் தட்டினாள். "போ."

போகவில்லை. "நீயும் வா" என்றேன்.

"நான் எதுக்குடா?"

"யாருன்னு கேட்டா என்ன சொல்லுவேன்னு கேட்டியே. வந்து கேளு."

தேவராசு அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தான்.

மண்டபத்துக்குள் நடந்தோம். அத்தனை வெள்ளை வேட்டிக்கும் நடுவில் ஒரு செம்மண் கோட்டு. பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக நின்றது. சிரித்தவன் ஒருத்தனும் இல்லை. முன் வரிசையில் சம்பந்தி எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். அவ்வளவு ஜனம் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. எங்களை எப்போதும் குனிந்துதான் பார்ப்பார்கள்.

மேடையில் தாரணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூவெல்லாம் கோட்டில் ஒட்டியது. முதல் போட்டோ எடுத்தார்கள். ரெஜினா ஒதுங்கப் பார்த்தாள், தாரணி விடவில்லை.

மைக்குக்காரன் வந்தான். "தாத்தா சூப்பருங்க! கோட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. பக்கத்துல இருக்கற பாட்டி யாருங்க?"

மைக்கை வாங்கினேன். எனக்கு மைக்கு புதிதில்லை, ஆனால் எங்கள் கிணற்றில் அதில் பேசினவன் எப்போதும் தங்கராசுதான். எழுத்துத் தெரிந்திருந்தால் எழுதி வைத்துப் படித்திருப்பேன். எனக்கு ஞாபகம்தான் உண்டு. அதனால் வரிசையாகச் சொன்னேன்.

இந்தக் கோட்டை வாங்கினவர் காசிம் பாய், நெஞ்சு வலியில் போனார். பலகை நிறுத்தினவர் மாரப்ப ஆசாரி, சர்க்கரையில் போனார். வண்டி பார்த்தவன் வேலப்பன், பஸ்ஸில் தூங்கினபடியே போனான். ஜனத்தைக் கூப்பிட்டவன் மைக்குத் தங்கராசு, போன கொரோனாவில் போனான். இந்த முழங்கைத் தடத்துக்குச் சொந்தக்காரன் அந்தோணி, முதலில் போனவன். அவன் போன மறுநாள் கிணற்றில் யாரும் இறங்கமாட்டோம் என்றோம். இன்றைக்கு ஓட்டாவிட்டால் இனி எவனும் ஓட்டமாட்டான் என்று ஒருத்தர் முதலில் வண்டியை எடுத்தார்.  சுற்றி முடித்து இறங்கி வந்து, இந்தக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, முதுகில் தட்டி, போ என்றார். எங்களில் எல்லாரையும்விடச் சுவரில் மேலே ஏறினவர். என்கூட ஓட்டினவர். என் ஆட்டத்துக்குப் பொறுப்பு நின்றவர். இருக்கிறார். இதோ நிற்கிறார்.

ரெஜினா.